பூக்கட்டின் உயரம்

புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரில் பின்னேர வெயில் ஏறி நிற்கும்போது ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால், 'சுர்' என்று மெல்லிய ஒரு சத்தமும் அதற்குப் பின்னால் சூடும் ஈரமும் கலந்த ஒரு மணமும் எழும்பும். மழை மணத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. இந்த மணத்தைப் பற்றி எழுதியவர்களை நான் இதுவரை காணவில்லை, ஆகையால் நானே எழுதிவிடுகிறேன். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கிழமை முழுக்க அந்த மணம் நின்றது. கட்டிய சுவர் இறுக வேண்டுமானால் காலையும் மாலையும் நனைக்க வேண்டும் என்று மேசன் சொல்லிவிட்டுப் போக, அம்மாவும் நானும் மாறி மாறி ஊற்றினோம். நான் சுவருக்கு ஊற்றியதைவிட எனக்கு ஊற்றிக்கொண்டதுதான் அதிகம் என்று அம்மா பிற்காலத்தில் வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

அப்படி நனைத்து வளர்த்த அந்தப் பொருளுக்கு எங்கள் வீடிருந்த குறுகிய ஒழுங்கையில் "பூக்கட்டு" என்று பெயர். பத்தடி நீளத்தில், மூன்றடி அகலத்தில் நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் மண் நிரப்பிப் பூமரங்கள் நட்டு, முற்றத்தைப் பார்த்த சுவரை மட்டும் அகலமாகக் கட்டி அதன் மேல் நீளமான ஒரு பலகையைப் பொருத்தினால் அதுதான் பூக்கட்டு. பூமரத்துக்குத் தொட்டி, மனிதருக்கு உட்கார ஒரு வாங்கு. அந்தப் பலகை, வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது விற்றுத் தள்ளிவிட்டுப் போன சாமான்களில் ஒன்று. கப்பலின் சாம்பல் நிறப் பூச்சு அதில் அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அப்படி ஒரு பலகையோ பீப்பாவோ சங்கிலித் துண்டோ இல்லாத வீடு இல்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒரு கப்பல் பெட்டிக்குள்தான் முட்டையிட்டன. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா, "ஒண்டுக்கு உதவும்" என்று சொல்லி அந்தப் பலகையைக் கொண்டுவந்து கோடிப்புறத்தில் சாத்தி வைத்தார். மூன்று வருடமாக அது கறையானுக்குக்கூட உதவவில்லை. கடைசியில் அக்காவுக்கு உதவியது.

அக்காவின் பெயர் வசந்தி. என்னைவிட நாலு வயது மூத்தவள். பத்து வயது வரைக்கும் ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாட்டில் அவளைத் தொட்ட ஆளில்லை என்பார்கள். அது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். என் நினைவில் தெளிவாக இருக்கிற அக்கா, காய்ச்சலுக்குப் பிறகான அக்கா. ஐந்து நாள் காய்ந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது, இடது கால் எழும்பவில்லை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து, ஒரு "கம்பிச் சப்பாத்து" போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். தொடையிலிருந்து குதிக்கால் வரைக்கும் இரண்டு இரும்புக் கம்பிகள், தோல் வார்கள், முழங்காலடியில் ஏற்றி இறக்கும் ஒரு வளையம். வளையத்தை இறக்கினால் கால் நேராகப் பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஒரு பொல்லை ஊன்றிக் கிணற்றடி வரைக்கும் போய் வருவாள்.

நடப்பது அவளுக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. உட்காருவதும் பாடில்லை, எங்கேயும் 'தொப்'பென்று இருந்துவிடலாம். எழும்புவதுதான் பாடு. பூட்டிய கால் ஒரு தடி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க, மற்றக் காலும் இரண்டு கைகளும் சேர்ந்து முழு உடம்பையும் தூக்க வேண்டும். கட்டில் உயரமானது, அதிலிருந்து தானாகவே எழும்பிவிடுவாள். சாதாரணக் கதிரையிலிருந்து முடியாது. யாராவது கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அந்தத் தூக்குதலை அவள் அடியோடு வெறுத்தாள். "என்னைச் சாக்கு மூட்டை மாதிரித் தூக்காதேங்கோ" என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னவள், அதன் பிறகு ஆட்களுக்கு முன்னால் எங்கேயும் இருக்கவே மாட்டாள். விருந்தாளிகள் வந்தால் கதவு நிலையில் சாய்ந்து நிற்பாள், அல்லது அறைக்குள் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. வருகிற தை மாதம் எப்படியாவது அவளைத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டின் கவலை. ஐந்து மணித்தியாலம் நின்றுகொண்டே படிக்க முடியுமா? வகுப்பில் இருந்தால், முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் தூக்கிவிட வேண்டும். அவள் போகமாட்டேன் என்றாள். ஒரே பிடி.

எங்கள் வீட்டு முற்றம் கிழக்குப் பார்த்தது. பின்னேரத்தில் வீட்டு நிழல் அங்கே விழுந்துவிடும், உள் துறைமுகப் பக்கமிருந்து காற்றும் வரும் என்பதால் ஒழுங்கைப் பெண்கள் ஐந்தாறு பேர் அங்கேதான் கூடுவார்கள். நிலத்தில் பாயை விரித்து, ஒருத்தி அரிசி புடைக்க, ஒருத்தி முருங்கையிலை உருவ, மிச்சப் பேர் கதை. ஒருநாள் அம்மா அக்காவையும் வரச்சொல்லி, வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் நடு முற்றத்தில் வைத்தார். எல்லோரும் நிலத்தில் இருக்க ஒருத்தி மட்டும் கதிரையில் இருந்தால் அவள் ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளியாக இருக்க வேண்டும். அக்கா வாசலில் நின்று கதிரையைப் பார்த்தாள். "நான் என்ன, பொம்பிளை பாக்க வந்த ஆளோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிரவு சோறு போடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "அவளுக்கெண்டு ஒரு கதிரை வேண்டாம். எல்லாரும் இருக்கிற மாதிரி ஒண்டு வேணும். அதில அவளும் இருக்கட்டும்." பூமரக் கட்டு அப்பாவின் யோசனை, துறைமுகத்துக்குள் வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த ஒரு பங்களாவில் அப்படி ஒன்றைக் கண்டிருந்தாராம். கோடிப்புறத்துப் பலகைக்கும் விமோசனம் கிடைத்தது. அக்காவைச் சுவரோடு நிற்க வைத்து, எந்த உயரத்தில் சாய்ந்தால் கையை ஊன்றி எழும்ப முடிகிறது என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்து, "இருபத்தொரு அங்குலம்" என்று அப்பா ஒரு துண்டில் எழுதினார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அது தனக்காகக் கட்டப்படுகிறது என்று ஒருவருக்கும் சொல்லக் கூடாது. நாங்கள் மூவரும் சத்தியம் செய்தோம். எல்லாப் பிழையும் அந்தச் சத்தியத்திலிருந்துதான் வந்தது.

கட்ட வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த காசிம் நானா. விடியச் சைக்கிளில் புறப்பட்டு, நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் துறையைக் கடந்து, எட்டு மணிக்கு எங்கள் வாசலில் மணி அடிப்பார். ஊரில் பாதி மதில்கள் அவருடைய கையால் எழும்பியவை. சாந்துக்கு ஆற்று மணல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கடல் மணலில் கட்டினால் சுவர் வேர்க்கும் என்றார். நல்ல மனிதர், ஆனால் நல்ல மேசன்மாருக்கு இருக்கிற ஒரு குணம் அவருக்கும் இருந்தது: கந்தோர் மனிதர்களின் அளவை நம்பமாட்டார். அடிமட்டத்தைக் கையில் பிடித்த கிளாக்கர்மார் கட்டச்சொன்ன எத்தனை கோணல்களை அவர் வாய் பேசாமல் திருத்தியிருக்கிறார்! இருபத்தொரு அங்குலம் என்ற துண்டைப் பார்த்ததும் இதுவும் அந்த வகைதான் என்று நினைத்திருக்கிறார். உட்கார்ந்து இருக்கிற கட்டு என்றால் முழங்கால் உயரம். அதற்கு மேல் போனால் குட்டையான பெண்கள் எப்படி ஏறி இருப்பார்கள்? அப்பா கந்தோரில் இருந்த நேரம் பார்த்து, ஏழு வரிக் கல் வைக்க வேண்டிய இடத்தில் ஐந்து வரியோடு நிறுத்திப் பலகையையும் பூட்டிவிட்டார். காரணம் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார். காரணத்தைத்தான் நாங்கள் பூட்டி வைத்திருந்தோமே.

பின்னேரம் வந்த அப்பா பலகையைத் தடவிப் பார்த்தார், இருந்து பார்த்தார், சுகமாக இருக்கிறது என்றார். திரும்ப அளக்கவில்லை. அவருடைய கவனமெல்லாம் மண்ணில் இருந்தது. பொங்கலோ கலியாணமோ, ஒரு நல்ல காரியம் என்றால் முற்றத்துக்குக் கடற்கரை மணல் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வெள்ளை மணலைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் இல்லை என்பது எங்கள் எண்ணம். மகளின் காரியத்துக்கு அதைவிடக் குறைந்த மண்ணைப் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. உப்புவெளிக் கடற்கரைக்கு மாட்டு வண்டி பிடித்துப் போய், அலை நனைத்த மணலாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பி, மேலே ஒரு கூடை எருவையும் தூவிவிட்டார். சாந்துக்குக் கடல் மணல் ஆகாது என்று மேசன் சொன்னதைக் காதால் கேட்ட மனிதர்தான். அது சுவருக்குச் சொன்னது, பூமரத்துக்குச் சொல்லவில்லையே என்பது பிறகு அவர் அம்மாவிடம் வைத்த வாதம்.

சுவர் இறுகியதும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒழுங்கைப் பெண்களை அம்மா அழைத்தார். ஆளுக்கொரு தடியோ பதியமோ கொண்டுவந்தார்கள். அடுத்த வீட்டுச் செபமாலை மாமி, உடம்பும் குரலும் ஒரே அளவில் பெருத்தவர், தன் வீட்டு மல்லிகைப் பதியத்தைச் சிரட்டையோடு கொண்டுவந்து தானே நட்டார். நந்தியாவட்டை, செவ்வந்தி, ஒரு குரோட்டன். நட்டு முடிந்து எல்லோரும் பலகையில் வரிசையாக இருந்தார்கள். அக்கா வெளியே வந்தாள். இரட்டைப் பின்னல் பின்னி, பொங்கலுக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். ஒருவரையும் பார்க்காமல் வந்து, வரிசையின் ஓரத்தில் இருந்தாள். இருந்த கணமே அவளுடைய முகம் மாறியதை நான் கண்டேன். நினைத்ததைவிட எவ்வளவோ கீழே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு இரண்டு கையையும் பலகையில் ஊன்றி எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. திரும்பவும் பார்த்தாள். மூன்றாம் முறை பொல்லு சரிந்து விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். பிள்ளைக்கு எழும்ப ஏலாதாம், பிடியுங்கோ என்று செபமாலை மாமி போட்ட சத்தம் ஒழுங்கை முடிவு வரைக்கும் கேட்டிருக்கும். நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் அக்காவின் கக்கத்துக்குள் போயின. அத்தனையும் அன்பான கைகள், அதில் சந்தேகமில்லை. அக்கா அழவில்லை. நிமிர்ந்து நின்று, பொல்லை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கம்பிச் சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே எறிந்த சத்தம் முற்றத்துக்குக் கேட்டது.

எல்லோரும் போன பிறகுதான் அப்பா அடிமட்டத்தை எடுத்துவந்து அளந்தார். பதினைந்தரை. அளக்கத் தெரிந்த மனிதன் ஒருக்கால் திரும்ப அளந்திருக்கலாம் என்று அம்மா சொன்னார். அப்பா அந்தப் பலகையிலேயே இருட்டும்வரை இருந்தார். எனக்கு அன்று எல்லோர் மீதும் கோபம். மேசன் மீது, மாமி மீது, சத்தியம் வாங்கிய அக்கா மீதும்கூட.

அதற்குப் பிறகு அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. சப்பாத்தைப் போடவும் மறுத்தாள். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அவளுடைய யன்னல் முற்றத்தைப் பார்த்தது, பூக்கட்டு நேரே தெரியும். அவள் அதைப் பார்க்கிறாள் என்பதை நாங்கள் அறியவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, முற்றத்தில் தனியே விளையாடிக்கொண்டிருந்த என்னை யன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அந்தச் செவ்வந்தியின்ர இலை ஓரம் கருகுது. மண்ணில கொஞ்சம் எடுத்து நாக்கில வைச்சுப் பார்."

வைத்தேன். துப்பினேன். உப்பு.

"நினைச்சனான்" என்றாள். "அப்பாட்டைச் சொல்லு. தண்ணி ஊத்த ஊத்த வேருக்கு உப்புத்தான் போகும். நல்ல மண் போடாட்டி எல்லாம் செத்துப்போம்." பத்து நாளைக்குள் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அப்போதுதான் கந்தோரிலிருந்து வந்த அப்பாவிடம் அதைச் சொல்லி, "உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தான் வேணும்" என்றார். அப்பா சிரித்தார். ஏச்சு வாங்கிச் சிரித்த ஒரு மனிதரை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான்.

வெருகலில் வயல் செய்துகொண்டிருந்த பெரியப்பாவுக்கு அப்பா கடிதம் போட்டார். ஆற்றங்கரை வண்டல் மண் ஆறு சாக்கு, மூதூர் மோட்டார் லோஞ்சில் ஏறித் துறைமுக இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தது. கறுத்த, ஈரமான, கையில் பிடித்தால் உருண்டு நிற்கிற மண். லோஞ்சில் வந்தவர்களெல்லாம் இது என்ன புதையலோ என்று கேட்டார்களாம். கடல் மணலை அள்ளி முற்றத்துக்கே பரப்பி, தொட்டியில் புது மண்ணை நிரப்பிவிட்டு, அப்பா காசிம் நானாவுக்கும் ஆளனுப்பினார்.

நானா வந்த அன்று, அக்காவுக்குக் கொடுத்த வாக்கை அம்மா குசினி வாசலில் வைத்து முறித்தார். அளவு ஏன் இருபத்தொன்று என்பதையும், அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நானா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். பிறகு எழும்பி முற்றத்துக்கு வந்து, பூக்கட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, யன்னலுக்குக் கேட்கிற குரலில் அப்பாவிடம் சொன்னார்:

"ஐயா, மண் கூடிப் போச்சி. இன்னும் ரெண்டு வரி ஒசத்தாட்டி மழைக்கு மண்ணெல்லாம் வழிஞ்சி றோட்டுக்குப் போயிரும்."

அப்பா ஒரு கணம் விழித்துவிட்டு, ஓம் ஓம், உயர்த்தத்தான் வேண்டும் என்றார். யன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மல்லிகைக்கு இவ்வளவு ஆழம் வேணுமோ, நானா?"

"வேணும், மகள்" என்றார் காசிம் நானா, யன்னல் பக்கம் திரும்பாமலே.

அக்காவுக்கு விளங்காமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் எல்லோரிலும் கூர்மையான புத்தி அவளுடையது. ஆனால் ஒரு பொய்யை எல்லோரும் சேர்ந்து, அவரவர் பங்கைப் பிழையில்லாமல் சொன்னால், அதை நம்புவதுதான் மரியாதை என்று அவளும் நினைத்திருக்க வேண்டும். பலகையைக் கழற்றி, இரண்டு வரிக் கல் வைத்து, திரும்பவும் பூட்டி, இந்தமுறை நானாவே அடிமட்டத்தைக் கேட்டு வாங்கி இரண்டு முனையிலும் அளந்தார். ஒரு மயிரிடைகூடப் பிசகவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். எங்கள் ஒழுங்கைப் பெண்களில் ஐந்தடிக்கு மேல் வளர்ந்தவர் ஒருவருமில்லை. அவர்களுக்கு அந்தப் பலகை ஒரு மதில். சிலர் துள்ளி ஏறினார்கள்; சிலர் பின்பக்கமாகச் சாய்ந்து உந்தி ஏறினார்கள். செபமாலை மாமி முதல் நாள் தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன முக்காலியைக் கொண்டுவந்து அதில் ஏறித்தான் இருந்தார். ஏறி இருந்த பிறகு ஆறு சோடிக் கால்களும் நிலத்துக்கு எட்டாமல், கொடியில் காயப்போட்ட சீலைகள் மாதிரித் தொங்கின. யாரும் குறை சொல்லவில்லை. அம்மா ஒருவருக்கும் விளக்கம் கொடுக்கவுமில்லை. கட்டு இப்போதுதான் சரியான உயரம், கால் விறைப்பு எடுபடுகிறது என்று மாமி தன் தொங்கிய காலை ஆட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். சத்தமாகப் பேசுவதற்கென்றே கடவுள் படைத்த அந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

அக்கா உடனே வரவில்லை. அவளை வெளியே கொண்டுவந்தது மல்லிகை. வெருகல் மண் பிடித்து, ஐப்பசி மழையும் விழுந்ததும், செத்துவிட்டது என்று கைவிட்ட பதியம் மூன்று இடத்தில் துளிர்த்தது. யன்னலுக்குள்ளிருந்தபடி எனக்குக் கட்டளை போட்டுப் பார்த்தாள். அந்த நுனியைக் கிள்ளு, இந்தத் தண்டுக்கு ஈர்க்குக் குத்து என்றாள். நான் வேண்டாததைக் கிள்ளினேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்தை எடுத்துத் தரச்சொன்னாள். வார்களை இறுக்கிக்கொண்டு, ஆளில்லாத காலை நேரத்தில் மட்டும் வந்து, நின்றபடியே கிள்ளிவிட்டுப் போவாள். நின்று பார்ப்பாள், பலகையில் கை வைப்பாள், இருக்க மாட்டாள். நானும் இல்லாத நேரத்தில் இருந்து பார்த்தாளா என்பதை நான் அறியேன்.

மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், பெண்கள் எல்லோரும் வந்து தொங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா வெளியே வந்தாள். வரிசையின் ஓரத்தில், பலகையின் விளிம்போடு சாய்ந்து இருந்தாள். அந்தப் பலகையில் கால் நிலத்தில் முட்ட இருந்தவள் அவள் ஒருத்திதான். அன்று உப்புவெளியில் நடந்த ஒரு கலியாணத்தைப் பற்றிக் கதை சூடாக நடந்தது. பெண்ணின் கூறைச் சீலை நிறம் பொருத்தமா இல்லையா என்று மாமி ஒரு பக்கம், மிச்சப் பேர் மறுபக்கம். கை வீசிப் பேசிய வேகத்தில் மாமியின் தொங்கிய காலிலிருந்து செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. இறங்கி எடுக்க அவருக்கு முக்காலி வேண்டும் என்பதால் நான்தான் குனிந்து எடுத்து அவர் காலில் மாட்டினேன். நிமிர்ந்து பார்க்கும்போது அக்கா தன் இடத்தில் இல்லை. பூக்கட்டின் மற்ற முனையில், பொல்லை ஊன்றி நின்று, செவ்வந்தியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கூறைச் சீலைச் சண்டை இன்னும் முடியவில்லை.

அன்று சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, சோற்றைப் பிசைந்தபடி அக்கா அப்பாவிடம் சொன்னாள்:

"பள்ளிக்கூட வாங்குக்குக் கீழையும் ரெண்டு ரெண்டு கல்லு வைச்சால், நான் போவன்."

அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

பூக்கட்டு வேலையில் மிஞ்சிய செங்கல்களைத் தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். தலைமை ஆசிரியை முதலில் தயங்கி, பிறகு தானே நின்று வாங்கின் கால்களுக்குக் கீழே வைப்பித்தார். நாலு பேர் இருக்கிற வாங்கு. அக்காவோடு இருந்த மூன்று பிள்ளைகளுக்கும் கால் தொங்கியது. அதில் இருப்பது ஒரு பெருமை என்று வகுப்பில் எப்படியோ பேச்சுக் கிளம்பி, இடத்துக்குப் போட்டி வந்ததாம். அக்கா படித்தாள், படிப்பித்தாள், தாவரவியல் ரீச்சர் என்று ஊரில் பெயரெடுத்தாள். அவளுடைய மாணவிகள் இன்று டொக்டர்மாராக எங்கெங்கோ இருக்கிறார்கள்.

நான் கலியாணம் கட்டி ஊரை விட்டுப் போய், பிறகு வந்த கெட்ட காலங்களில் நெடுநாள் திரும்பிப் போக முடியாமல் இருந்துவிட்டுப் போனபோது, பூக்கட்டு இருக்கவில்லை. ஒழுங்கையை அகலமாக்கிக் கொங்கிறீட் வாய்க்கால் போட்டதில் முற்றத்தில் பாதியும் அதுவும் போய்விட்டன. கிண்ணியாத் துறையில் இப்போது பாலம். பாதை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நடக்கிற பாதைதான். செபமாலை மாமி, காசிம் நானா, அப்பா, அம்மா ஒருவரும் இல்லை. பின்னேரத்தில் பெண்கள் வெளியே வந்து இருப்பதில்லை; ஒவ்வொரு வீட்டு யன்னலிலும் தொலைக்காட்சி வெளிச்சம் தெரிகிறது. அக்கா மட்டும் அதே வீட்டில், இன்றைய இலேசான சப்பாத்தோடு, சாடிகளில் பூமரம் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

போன முறை போயிருந்தபோது, இத்தனை வருடம் மனதில் கிடந்த ஒன்றை அவளிடம் சொன்னேன். நாங்கள் எல்லோரும் எதற்காகக் காத்திருந்தோமோ, அவள் பலகையிலிருந்து தானாக எழும்பிய அந்த முதல் தடவையை, பக்கத்திலே இருந்தும் நான் காணாமல் விட்டுவிட்டேன். அது இன்றைக்கும் எனக்குக் கவலை என்றேன்.

அக்கா சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டுமில்லை, ஒருத்தரும் காணேல்லை. எழும்பி நிண்டு சுத்திவரப் பாத்தனான். எல்லாரும் தங்கட தங்கட கதையில இருந்தவை. அப்பதான் நினைச்சன், இனி எங்கையும் போகலாம் எண்டு" என்றாள். திரும்பவும் சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நீ பாத்திருந்தால் கை தட்டியிருப்பாய். கை தட்டியிருந்தால் நான் திரும்ப உள்ளுக்குப் போயிருப்பன்" என்றாள்.